ஐந்தரை மணிக்கு ஆடிய முள்

நோன்பு மாதம் பிறந்த நாளிலிருந்து என் கருவியின் முள் எனக்குத் துரோகம் செய்தது. நாள் முழுக்க மரக்கட்டை மாதிரி நிற்கும். பின்னேரம் ஐந்தரைக்கு மட்டும் துடிக்கும்.

பதுளைக் கடைத்தெருவில் ஜாபிர் நானாவின் புடைவைக் கடைக்கு மேலே, பலகைத் தளம் போட்ட அறையில் நான் குடியிருந்தேன். பௌதிகம் படிப்பித்த நேரம் போக, இரண்டு வருடமாக ஒரு கருவியோடு மாரடித்தேன். பெட்டிக்குள் நூலில் தொங்கும் சிறு கண்ணாடித் துண்டு. அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை இரண்டு ஒளிக்கலங்கள் சரிபாதியாக வாங்கும். பெட்டி மயிரிழை திரும்பினாலும் பங்கு குழம்பி முள் ஆடும். மூடுபனியில் அகப்பட்ட மீன்பிடிப் படகு, தான் எவ்வளவு திரும்பிவிட்டது என்று அதைப் பார்த்து அறியலாம்.

கொழும்பு ஆய்வுகூடத்திலிருந்து ஒரு பெரியவர் சனிக்கிழமை பார்க்க வருவதாக இருந்தது. நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை முள் அசையாமல் நின்றால் எனக்கு அங்கே வேலை. ஆடினால் இரண்டு வருடமும் மண்.

விடுமுறைக்குச் சொந்த ஊரான சாவகச்சேரிக்குக்கூடப் போகவில்லை. 'யாரும் தட்ட வேண்டாம்' என்று கதவில் எழுதி ஒட்டினேன். யாரும் தட்டவில்லை. ஒரு கிழமையாக என் குரலை நானே கேட்கவில்லை.

முதலில் ரயிலைத் திட்டினேன். பிறகு வெலிமடை பஸ்ஸைத் திட்டினேன். புதன்கிழமை முள் துடித்த அதே நொடியில் கதவைத் திறந்தேன். மேல்படியில் ஜாபிர் நானா, கையில் கஞ்சிக் கோப்பையோடு நின்றார்.

"எத்தின நாளா இங்க வந்து நிக்கிறியள், நானா?"

"தலை நோன்புலேருந்து, மாஸ்டர். தட்ட வேணாம் எண்டு போட்டீக்கிறீங்களே. உள்ள ஒங்கட இருமல் சத்தம் கேட்டா கஞ்சியோட எறங்கிப் போயிருவன்."

"கேக்காட்டி?"

"கேக்குற வரைக்கும் நிப்பன். தனியா ஈக்கிற மனிசன்."

எனக்கு என்ன பிடித்ததோ தெரியாது. கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம்தான் முந்திக்கொண்டது.

"நானா, இனி இந்தப் படியில கால் வைக்காதேங்கோ. முள் ஆடுது."

அவர் கோப்பையை என் கையில் தந்துவிட்டு, சத்தம் வராமல் இறங்கிப் போனார். கஞ்சி இன்னும் சுட்டது.

சனிக்கிழமை ஐந்தரைக்கு முள் அசையவில்லை. பெரியவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

இப்போது கொழும்பில் நிலத்துக்குக் கீழே கொங்கிரீட் அறை. முள் ஆடுவதே இல்லை. ஐந்தரைக்கு வேலையை நிறுத்திவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நேற்று வேண்டுமென்றே இருமியும் பார்த்தேன். கேட்டுவிட்டு இறங்கிப் போக வெளியே யாரும் நிற்கவில்லை.