மாப்பிள்ளை மணிக்கட்டைச் சொறிந்தார்

எங்கள் வீட்டில் மாப்பிள்ளை சாப்பிடாவிட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: எதையோ கேட்கிறார். வாய் திறந்து கேட்டால் மரியாதைக் குறைச்சல், அதனால் இலையைத் தள்ளிவைத்துக் கேட்பார். மாப்பிள்ளை முறுக்கு என்பது இதுதான். என் அக்கா வீட்டுக்காரர் பாயசத்தைத் தொடாமல் எழுந்தே ஒரு டிரான்சிஸ்டரைத் தட்டிக்கொண்டு போனவர். ஆகவே ஆடி முதல் நாள் விருந்துக்குத் தேனியிலிருந்து சின்னமனூருக்கு வந்த என் வீட்டுக்காரர் சண்முகராஜ், நாட்டுக்கோழிக் குழம்பைப் பார்த்ததும் மூக்கைப் பொத்தியபோது, என் அம்மா கஸ்தூரியம்மாளுக்குச் சந்தேகமே வரவில்லை.

"ஆரம்பிச்சுட்டாக" என்றாள் அடுப்படியில்.

ஆனியில்தான் எங்களுக்குக் கல்யாணம். விருந்து முடிந்ததும் வழக்கப்படி என்னை ஆடி மாதம் முழுக்கப் பிறந்த வீட்டில் விட்டுவிட்டு அவர் ஊருக்குப் போகவேண்டும். போவதற்குள் கறக்கப் பார்க்கிறார் என்று வீடே முடிவுகட்டிவிட்டது. கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்த என் அப்பா சங்கரலிங்கம் வியாபாரி. ஆள் வாயைத் திறக்காமலே என்ன வேண்டும் என்று கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர் என்று அவருக்கு நினைப்பு. மாப்பிள்ளையையே உற்றுப் பார்த்தார். மாப்பிள்ளை இடது மணிக்கட்டைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"வாட்ச் கேக்குறாக" என்றார் அப்பா.

சாயங்காலமே வாட்ச் வந்தது. அதைக் கட்டிக்கொண்டு வலது மணிக்கட்டைச் சொறிய ஆரம்பித்தார். அப்பா ஆடிப்போனார். மறுநாள் காலையில் மாப்பிள்ளை பலகையிலிருந்து எழும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "முட்டியெல்லாம் வலிக்குது மாமா, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடக்க முடியாது போலருக்கு" என்றார்.

"ஸ்கூட்டரு" என்று சொல்லிவிட்டு அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு மானம் போயிற்று. இப்படிப்பட்ட பேராசைக்காரருக்கா கழுத்தை நீட்டினோம் என்று ஆத்திரம். அறைக்குள் போய்ப் பிடித்துக்கொண்டேன்.

"ஏங்க, எங்கப்பாகிட்ட இன்னும் என்னதான் வேணும் ஒங்களுக்கு?"

"எனக்கு ஒண்ணும் வேணாம் சொர்ணம். படுத்தாப் போதும்."

"கட்டிலுமா?" என்றேன்.

அவர் வெறுந்தரையில் சுருண்டு படுத்துக்கொண்டார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

உறைத்தது என் தம்பி சுந்தர்ராஜுக்கு. மச்சானைச் சமாதானப்படுத்துகிறேன் என்று கொல்லைப்பக்கம் கூட்டிப் போனவன், போன வேகத்தில் திரும்பி ஓடிவந்தான்.

"அக்கா, இது முறுக்கு இல்லக்கா. சிகரெட்ட நீட்டுனேன், வேணாங்குறாக. பத்தவச்ச வாடைக்கே வாழைமரத்தடியில வாந்தி எடுக்குறாக."

ஒன்று அணையும் முன்னே அடுத்ததைப் பற்றவைக்கிற மனுசர் அவர். முறுக்கிக்கொண்டவன் சோற்றைத் தள்ளுவான், சிகரெட்டைத் தள்ளுவானா? ஓடிப்போய் அவரை வெயிலில் நிறுத்தி, கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். வெள்ளை இருக்கவேண்டிய இடமெல்லாம் மஞ்சள். முகத்தில் இருந்ததை நலுங்கு மஞ்சளின் மிச்சம் என்றும் கல்யாணக் களை என்றும் ஊரே மெச்சிக்கொண்டிருந்தது.

"ஒண்ணுக்கு எப்பிடிப் போகுது?"

"பால் ஊத்தாத கட்டஞ்சாயா கணக்கா. சூடுன்னு நெனச்சேன்."

அம்மா கீழாநெல்லி பறிக்கக் கிளம்பினாள். அப்பா அவளைத் தடுத்துவிட்டு வாடகைக் காரைக் கூப்பிட்டார்.

தேனி டாக்டர் கண்ணைப் பார்த்தார், வலது விலாவுக்குக் கீழே அழுத்தினார். இவர் துள்ளினார்.

"இந்த ரெண்டு மூணு மாசத்துல எங்கயாவது ஊசி போட்டீங்களா?"

இவர் என் அப்பாவை ஓரக்கண்ணால் பார்த்தார். "இல்லைங்க."

டாக்டர் மறுபடியும் கேட்டார். மறுபடியும் இல்லை. நெற்றியில் மட்டும் வியர்வை. நான் பின்னாலிருந்து நறுக்கென்று கிள்ளினேன்.

"சத்து ஊசிங்க" என்றார். ஒல்லியாக இருக்கிறோமே, கல்யாணச் சட்டை தோளில் நிற்காதே என்று கவலைப்பட்டு, போர்டு இல்லாத ஒரு கடையில் ரகசியமாகப் போட்டிருக்கிறார். வரிசையில் நின்றவர்கள் எல்லாருக்கும் ஒரே ஊசி. வெந்நீரில் ஒரு முக்கு, அவ்வளவுதான்.

அப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஊசி போட்டும் இம்புட்டுத்தானா மாப்ள?"

ரத்தம் மதுரைக்குப் போய் வந்தது. 'பி' வகை மஞ்சள் காமாலை என்று உறுதியானது. மணிக்கட்டு அரிப்பும் முட்டி வலியும் அதன் வேலைதான். டாக்டர் நிதானமாகச் சொன்னார்: ஓய்வுதான் முக்கியம், சாராயம் கூடாது, கண்ட மருந்தும் ஈரலுக்கு ஆகாது. பெரியவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் தானாகவே தேறிவிடுவார்கள். சிலருக்கு மட்டும் கிருமி போகாமல் தங்கி, சத்தமில்லாமல் வருஷக்கணக்கில் ஈரலைக் கெடுக்கும். கண் வெளுத்துவிட்டதே என்று நம்பக்கூடாது. தை பிறந்ததும் ரத்தத்தை மறுபடி பார்க்கவேண்டும்.

பிறகு என்னைப் பார்த்தார். "ஒண்ணாச் சாப்பிட்டா ஒட்டாதும்மா. ஆனா ரத்தத்துல பரவும், புருசன் பொண்டாட்டிக்குள்ள பரவும். ஒங்களையும் இப்பவும் தையிலயும் பாக்கணும். அதுவரைக்கும் தள்ளியே இருங்க."

என் ரத்தத்தில் அப்போது ஒன்றும் இல்லை. ஆனாலும் எங்களுக்கு ஆடி மாதம் தை வரைக்கும் நீண்டது. ஊரில் எல்லாப் புதுப்பெண்களும் ஆவணியில் புருஷன் வீட்டுக்குத் திரும்பினார்கள். நானும் திரும்பினேன், தனிப் பாயோடு. தலைதீபாவளியன்று விடிந்ததும் முதலில் அவர் இமையைத்தான் இழுத்துப் பார்த்தேன். கார்த்திகைக்குள் கண் வெளுத்து, பசி வந்து, சிகரெட்டும் வந்துவிட்டது. எனக்குப் பயம் மட்டும் போகவில்லை. உள்ளே இருக்கிறதா இல்லையா என்று கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாதே. இரண்டு பேருக்கும் சேர்த்து நான் பயந்தேன். அவர் எனக்காக மட்டும் பயந்தார்.

தை பிறப்பதற்கு முன்னமே ரத்தம் கொடுத்துவிட்டோம், பொறுக்கவில்லை. இரண்டு பேருக்கும் கிருமி இல்லை என்று போகியன்று தெரிந்தது. தலைப்பொங்கல் விருந்துக்குச் சின்னமனூர் போனோம். அம்மா கோழி, ஆடு, மீன் எதையும் விட்டுவைக்கவில்லை.

இவர் ஒரு வாய் தின்றார். இலையைத் தள்ளிவைத்தார்.

அம்மாவின் கையில் கரண்டி நின்றது. அப்பா பாதி எழுந்து நின்றார். எச்சில் கையோடு அவரை முற்றத்து வெயிலுக்கு இழுத்துப்போய் இமையை இழுத்தேன். வெள்ளை. அடுத்த கண்ணும் வெள்ளை. தூணுக்குப் பின்னாலிருந்து சுந்தர்ராஜ் ஒரு சிகரெட்டைக் காட்டினான். மாமனார் நிற்பதையும் மறந்து இவர் கையை நீட்டினார்.

"பின்ன ஏன் சாப்பிடல?" என்று கத்தினேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு, "இல்ல, அன்னைக்கு ஸ்கூட்டர்னு ஒரு பேச்சு வந்துச்சே" என்றார்.

"முறுக்குடி கஸ்தூரி!" என்று அப்பா கூவினார். "நோவு இல்ல, வெறும் முறுக்குத்தான்!" கடைத்தெரு வரைக்கும் கேட்டிருக்கும். கண்ணில் தண்ணீர் வழிய, மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

நானும் அழுதேன். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஸ்கூட்டர் கெடையாது, போயிச் சோத்தத் தின்னுங்க" என்றேன்.

போய்த் தின்றார். மூன்று தரம் சோறு கேட்டார்.