வெயில் போவதற்குள்

"அப்ப அது செத்துப்போச்சுல்ல?"

"கினி பிக் செத்துப்போச்சுப்பா. குடல் சாகல."

அது தொண்ணூற்று மூன்றாம் வருஷம். மருந்தியல் படிப்பில் முதல் செய்முறை வகுப்பை முடித்துவிட்டு, சென்னை விடுதியிலிருந்து திண்டிவனம் வீட்டுக்கு வந்திருந்தாள் ஞானமதி. மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை வியாபாரம் முடித்துத் திரும்பிச் சாப்பிட உட்கார்ந்த அப்பா நேமிசந்திர நயினாரிடம் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். எலியைப் போல ஒரு பிராணி. அதன் குடலில் விரல் நீளத் துண்டு. இளஞ்சூடான உப்புத் தண்ணீரில் தொங்கவிட்டு, ஆக்சிஜன் குமிழி விட்டால் மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். லேசாகக் கரண்ட் கொடுத்தால் அதிலுள்ள நரம்பு விழித்துக்கொள்ளும், தசை சுருங்கும். நூலில் கட்டிய முள், கரி படிந்த உருளையில் மலை மலையாகக் கோடு போடும்.

"அப்புறம் ஒரு சொட்டு மருந்து விடுவோம்பா. எவ்ளோ கரண்ட் குடுத்தாலும் சுருங்காது. கோடு அப்படியே படுத்துக்கும்."

"வலிக்குமா அதுக்கு?"

"துண்டு குடலுக்கு எப்படிப்பா வலிக்கும்?" என்று சிரித்தபடி தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள்.

"வெச்சிடும்மா."

எழுந்துபோய், பூச்சி புழு சாகக்கூடாதென்று சமண வழக்கப்படி துணி கட்டி வடித்த பானையில் தானே மொண்டு குடித்தார்.

அன்றோடு சரி. அவள் கையால் அவர் எதையும் வாங்கியதில்லை. கோபமில்லை, பேச்சும் குறையவில்லை. படிப்பை நிறுத்தச் சொல்லவில்லை. விழுப்புரத்தில் மருந்தியல் கல்லூரியில் வேலை கிடைத்தபோது தெருவெல்லாம் இனிப்பு கொடுத்தார். அவள் நீட்டிய இனிப்பை மட்டும் அம்மாவிடம் கொடுக்கச் சொன்னார். கல்யாணத்தில் தாரை வார்க்கும்போது அவள் கையில் அவர்தான் தண்ணீர் ஊற்றினார். அவள் கையிலிருந்து அவருக்கு எதுவும் போனதில்லை.

"அவரு அப்படித்தான்டி. தானே மொண்டு குடிச்சாத்தான் அவருக்குத் தாகம் அடங்கும்" என்பாள் அம்மா, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் ஏனென்று கேட்டுவிடுவதென்றுதான் பஸ் ஏறுவாள். விக்கிரவாண்டி தாண்டும்வரை நாக்கில் இருக்கும் வார்த்தை, வீட்டு வாசலை மிதித்ததும் தொண்டைக்குள் இறங்கிவிடும்.

இப்போது அவர் கட்டிலில் கிடந்தார். குடலில் புற்று, வழி அடைத்துவிட்டது. பாண்டிச்சேரியில் பார்த்துவிட்டு, இனி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அடைப்பைத் தள்ளப் பார்த்துக் குடல் முறுக்கும்போதெல்லாம் வயிறு முண்டு முண்டாக எழும்பி அடங்கியது. அவர் கத்தவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உதட்டுக்குள் மந்திரம் சொன்னார்.

மாலையில், பக்கத்துத் தெரு நர்ஸ் சூசை மேரி ஊசியோடு வந்தாள்.

"என்னா நயினாரே, இப்படிப் பல்லைக் கடிச்சிக்கினு கெடக்குறீங்க? ஒரு ஊசி போட்டா வயித்துப் பிடிப்பு விட்டுடும். பயப்படாதீங்க, நான் குத்துனா கொசுகூட சாகாது."

அவர் உதடு லேசாக விரிந்தது. பிறகு மகளைப் பார்த்தார்.

"எதுலம்மா செய்யறாங்க இத?"

"செடிதாம்பா. ஊமத்தை ஜாதி."

அது பொய்யில்லை.

"செடிதான். எந்த உசுருக்குப் போட்டுப் பாத்தாங்க?"

இதே வகை மருந்தைக் கினி பிக் குடலில் சொட்டுச் சொட்டாக விட்டுக்காட்டித்தான் அவளும் வருஷா வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினாள். அதற்குள் வயிறு மறுபடி எழும்பியது. சட்டத்தைப் பிடித்த விரல்கள் வெளுத்தன.

"அதுவும் இப்படித்தான் துடிச்சிருக்கும், இல்ல?" என்றார். பிறகு, தானே கையை நீட்டினார். "போட்டுடு மேரி."

ஞானமதி அவர் வயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். ஒரு முறுக்கு வந்தது. அடுத்தது அதைவிடச் சின்னதாக. அதற்கடுத்தது வருவதுபோல் வந்து பாதியில் கரைந்தது. பிறகு ஒன்றுமில்லை. கரி படிந்த உருளையில் கோடு படுத்துக்கொள்வது அவள் கண்ணுக்குள் ஓடியது. கையை எடுத்துக்கொண்டாள்.

வாசலில் செருப்பை மாட்டியபடி சூசை மேரி குரலைத் தாழ்த்தினாள். "வலி அடங்கும், ஆனா வாய் வறண்டுபோவும். உனக்குத் தெரியாததா? கேட்டா ஒரு ஸ்பூன் ரெண்டு ஸ்பூன் குடு, போதும். உசுரு காலை வரைக்கும் தாங்காது மதி. அம்மா எங்க?"

"கோயிலுக்குப் போயிருக்காங்க அக்கா. விளக்கு வெச்சிட்டு வந்துடுவாங்க."

உள்ளே வந்தபோது அவர் விழித்திருந்தார். முகம் தெளிந்திருந்தது. உதடு மட்டும் பல்லோடு ஒட்டிக்கிடந்தது.

"தண்ணி."

கண்கள் கதவுப் பக்கம் அம்மாவைத் தேடின.

"அம்மா இன்னும் வரலப்பா."

அவர் எழுந்திருக்கப் பார்த்தார். தலைகூட நிமிரவில்லை. பானை மூன்றடி தள்ளித்தான் இருந்தது.

மேற்கு ஜன்னல் வெயில் எதிர்ச்சுவரில் காலண்டருக்கு மேலே ஒரு கைக்குட்டை அளவுக்கு விழுந்திருந்தது. பொழுது சாய்ந்தபின் அவர் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. ஆஸ்பத்திரியிலும் அந்த விரதத்தை விட்டதில்லை.

ஞானமதி தம்ளரில் மொண்டு வந்து கட்டிலோரம் வைத்தாள். ஸ்பூனை எடுத்தாள், வைத்தாள். கேட்காமல் உதட்டில் ஊற்றிவிடலாம். தடுக்க அவர் கையில் வலுவில்லை. அதனாலேயே அவளால் முடியவில்லை. அம்மா வந்துவிட்டால் நல்லது என்று நினைத்தாள். வரக்கூடாது என்றும் நினைத்தாள். தெருவில் செருப்புச் சத்தம் கேட்டது; வேறு யாரோ, கடந்து போய்விட்டார்கள்.

அவர் நாக்கு வெளியே வந்து உதட்டைத் தொட்டது. ஈரம் ஒட்டவில்லை. அவர் பார்வை தம்ளருக்கு வந்தது, அவள் விரல்களுக்கு வந்தது, அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அவளைத் தாண்டிச் சுவருக்குப் போனது. அவளும் திரும்பிப் பார்த்தாள். வெயில் ஒரு நூலாக மெலிந்து, காலண்டர் ஆணியில் கொஞ்சம் மினுங்கிவிட்டு, போய்விட்டது.

தம்ளரை எடுத்தாள். ஒரு ஸ்பூன் மொண்டு அவர் உதட்டுக்கு முன்னால் நிறுத்தினாள்.

"அப்பா, என் கையால ஒரு வாய் குடிங்கப்பா."