கூறைத்துண்டு வைத்த போர்வை

செல்லக்கண்ணு தன் கூறைப்புடவையில் கத்திரி வைத்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். தாலி கட்டின அன்றைக்கு உடுத்தினதை எவளாவது வெட்டுவாளா என்று திட்டினேன். அவள் கேட்டால்தானே.

ஜெர்மன் சண்டை நடந்த சமயம். ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய எங்கள் ஆண்கள், பட்டாளத்துக்குச் சுமை தூக்க அரபு நாட்டு பஸராவுக்குக் கப்பலேறியிருந்தார்கள். அங்கே எலும்பைத் துளைக்கும் குளிராம். போர்வை தைத்துக் கொடுத்தால் நம் ஆட்களின் கூடாரத்துக்கே போய்ச் சேரும் என்று துரைசாணி ஒருத்தி வந்து சொன்னாள். ரங்கூன் தாமுவே பேட்டைக் கூலி லயத்துப் பெண்கள் நாங்கள் பழைய லுங்கி, கிழிந்த சேலையெல்லாம் ஒட்டுப்போட்டு, நடுவில் பஞ்சு வைத்துத் தைத்தோம். பெயர் எழுத எங்களுக்கு எங்கே தெரியும்? செல்லக்கண்ணு மட்டும் தலைமாட்டு மூலையில் அந்த அரக்குச் சிவப்புத் துண்டை வைத்துத் தைத்தாள். பார்த்ததும் அவள் புருஷன் கருப்பையா தெரிந்துகொள்வானாம்.

கருப்பையா திரும்பவில்லை. குளிர்ஜுரத்தில் போய்விட்டான் என்று கூடப் போன நல்லையா வந்து சொன்னான். லயத்து வாய் சும்மா இருக்குமா? கூறையை வெட்டினவள் தாலியையும் வெட்டிக்கொண்டாள் என்றார்கள். அவள் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை.

"உசுரு போகும்போது என் கூறை அவரு மேல கெடந்துச்சுல்ல, அது போதும்க்கா" என்பாள். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் ஓட்டினாள்.

தொள்ளாயிரத்து இருபத்தோராம் வருஷம் தை மாதம், தாமுவே பஜாரில் அமீர் அலி பாய் கடையில் பட்டாளத்து ஏலத்தில் எடுத்த போர்வைகள் குவிந்து கிடந்தன. என்னோடு வந்துகொண்டிருந்தவள் சட்டென்று நின்று, குவியலிலிருந்து ஒன்றை உருவினாள். மூலையில் அரக்குச் சிவப்பு. புருஷனே வந்து இறங்கிவிட்ட மாதிரி அவள் முகம் மலர்ந்தது. போர்வைக்குள் முகத்தைப் புதைத்து மோந்து மோந்து பார்த்தாள். அவன் வாசனையைத் தேடினாள், வேறென்ன.

பாய் நல்ல மனுஷர்தான். யாரோ போர்த்தின பழசு என்று இவள் சந்தேகப்படுகிறாள் என நினைத்துவிட்டார்.

"யோசிக்காதம்மா, ஒருத்தர் மேலயும் படாதது. கப்பல்ல ஏத்தாமலே சண்டை முடிஞ்சு போச்சு. அம்புட்டும் துறைமுகத்துக் கிட்டங்கியிலேயே பூட்டிக் கெடந்தது."

அந்த மனுஷர் வாயைப் பொத்த எனக்குக் கை பரபரத்தது. சொல்லி முடித்துவிட்டாரே, என்ன செய்ய?

செல்லக்கண்ணு போர்வையைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள்.

"அப்ப அவரு எதப் போத்திக்கிட்டுக் கெடந்தாரு, அக்கா?"

வாயாடி என்று பெயரெடுத்தவள் நான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நடுக்கடையில் நின்று அழுதேன்.