படுதா

கோழியைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்காதே, எட்டி உதைக்காதே, தண்ணீர்க் குழாய் அடைக்க விடாதே. குன்றத்தூரைச் சுற்றியுள்ள பண்ணைகளில் நான்கு வருடமாக இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். தாம்பரத்திலிருந்து ஜெயசீலி மேடம் வருகிறார் என்றாலே தொழிலாளர்கள் எழுந்து நிற்பார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது, மறைப்பானேன்.

ஏப்ரலில் பிரிட்டோவின் பண்ணையில் வகுப்பு. கொட்டகையின் கம்பிவலைக்கு வெளியே தொங்கும் படுதாவைப் பற்றிக் கடைசியாகச் சொன்னேன். "மழை வந்தா உடனே முழுசா மூடிடுங்க. குஞ்சு நனைஞ்சா அவ்வளவுதான்."

சின்னப்பன் அண்ணா கையைத் தூக்கினார். மனைவி எல்லம்மாவோடு பண்ணையிலேயே ஓர் அறையில் பதினோரு வருடமாகக் குடியிருப்பவர்.

"பெரிய கோழிக்குமா மேடம்? அதுங்களுக்கு மூச்சு முட்டாதா?"

நல்ல கேள்வி. ஆனால் மணி ஒன்றாகியிருந்தது, எனக்கு இன்னொரு பண்ணைக்குப் போக வேண்டும். "எல்லாத்துக்கும்தான்ணா" என்று பையை மாட்டிக்கொண்டேன்.

மே மாதம் ஒரு பிற்பகலில் கோடைமழை கொட்டியது. முதலாளி பிரிட்டோ குரோம்பேட்டைக்குப் போயிருந்தார். சின்னப்பன் அண்ணா நான் சொன்னபடியே நான்கு பக்கமும் படுதாவை இழுத்துக் கட்டினார். கரண்ட் போனது, மின்விசிறிகள் நின்றன. நன்றாக வளர்ந்துவிட்ட ஐந்து வாரக் கறிக்கோழிகள், புழுங்கி மூச்சு முட்டி ஆயிரத்துக்கு மேல் செத்தன.

மறுநாள் போனேன். குழி வெட்டிச் சுண்ணாம்பு கொட்டிக்கொண்டிருந்தார்கள். பிரிட்டோ கத்தினார். "வளர்ந்த கோழிக்கு எவனாவது முழுசா மூடுவானா? மேடம், நீங்க இப்படியா சொல்லிக்குடுத்தீங்க?"

சின்னப்பன் அண்ணா என்னைப் பார்த்தார். ஒரே ஒரு வார்த்தை, 'ஆமாம்' என்று சொன்னால் போதும். அவர் வேலை தப்பும், என் பெயர் போகும். எனக்கு அப்போது வாயில் கொழுக்கட்டை.

சின்னப்பன் அண்ணாவே சொன்னார். "மேடம் சரியாத்தான் சொன்னாங்கோ சார். எனுக்குத்தான் மண்டைல ஏறல."

அன்றே அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பேருந்து நிறுத்தத்தில் கணவனும் மனைவியும் இரண்டு சாக்கு மூட்டைகளோடு நின்றார்கள். ஸ்கூட்டியை நிறுத்தினேன். எல்லம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"அண்ணா..."

"வுடுங்கோ மேடம். எனுக்கு அன்னிக்கே டவுட்டுதான். படிச்சவங்கோ சொல்றாங்களேன்னு கட்டிட்டேன்."

பேருந்து வந்தது. மூட்டைகளை ஏற்றிவிட்டுப் படியில் நின்று திரும்பினார்.

"அடுத்த தபா சொல்லிக்குடுக்கறப்ப, பெரிய கோழிக்குப் படுதாவ மேல கொஞ்சம் தொறந்து வைக்கணும்னு சொல்லுங்கோ மேடம். பாவம், வாயில்லா ஜீவனுங்கோ."

இப்போது எல்லா வகுப்பிலும் அதைத்தான் முதலில் சொல்கிறேன். யார் சொல்லித் தெரியும் என்று இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.