காணாமல் போன ஒன்பது பட்டைகள்

சிப்பி என்ற பேரை அவளுக்கு வைத்தது அண்ணன்தான். ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோருக்கும் அதுவே பழகிப்போயிற்று. கடலடியில் துளையிட்டு எடுத்த சேற்றைச் சல்லடையில் கழுவி, மணலைவிடப் பொடியான உயிர்களின் ஓடுகளை ஈரத் தூரிகை நுனியால் பொறுக்கி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது அவள் வேலை. எந்த இனம் எப்போது தோன்றியது, எப்போது அழிந்தது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அண்ணன் அதே கூடத்தில் சேற்றுப் பட்டை எண்ணுகிறவன். பூமியின் சாய்மானம் நாற்பத்தோராயிரம் வருஷத்துக்கு ஒருமுறை கூடிக் குறையும். அதற்கேற்பக் கடலடிச் சேறும் ஒரு சுற்றுக்கு ஒரு ஜோடியாக, வெளுப்பும் கறுப்புமாகப் படியும். மேலிருந்து ஜோடி ஜோடியாக எண்ணிக்கொண்டே போய் வயதைச் சொல்லிவிடுவான். அதில்தான் பேர் வாங்கினான்.

கடலடியிலிருந்து குழாயில் அப்படியே உருவியெடுத்து, அவன் எண்ணி முடித்த சேற்றுத் தூண் ஒன்றில் ஓர் இடம் சிப்பியை உறுத்தியது. ஒரு இனம் அழிந்து மூன்றரை லட்சம் வருஷத்துக்கு மேல் கழித்துத்தான் இன்னொன்று பிறக்க வேண்டும். இங்கே இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளிகூட இல்லை. நடுவிலிருந்த சேற்றை ஏதோ நீரோட்டம் அரித்துக்கொண்டு போயிருக்கிறது என்றாள். அதைக் கூட்டத்தில், எல்லோர் முன்னாலும் சொன்னதுதான் வினையாகிவிட்டது. கீழே கிடந்த பழைய ஓடுகள் கிளறப்பட்டு மேலே வந்து கலந்திருக்கும் என்று முதலில் அவன் பொறுமையாகத்தான் சொன்னான். அவள் விடவில்லை.

"நீ ஓடு பொறுக்கு. வருஷத்த நான் எண்ணிக்கிறேன்" என்றான்.

யாரோ சிரித்தார்கள். அன்றோடு பேச்சு நின்றது. ஒரே தாழ்வாரத்தில் இரண்டு வருஷம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார்கள். பிறகு அவனுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. பத்து வாரம்கூடத் தாங்கவில்லை. சிப்பி ஆஸ்பத்திரிக்குப் போனபோது மருந்து மயக்கத்தில் கிடந்தான். அவன் காலைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு வந்தாள்.

நாலு மாதம் கழித்து, அதே கடலில் பக்கத்து இடத்திலிருந்து புதுத் தூண் வந்தது. அந்த இரண்டு இனங்களுக்கும் நடுவில் இதில் ஒன்பது ஜோடிப் பட்டைகள் முழுசாக இருந்தன. அவள் சொன்னதுதான் சரி. ஒன்பதையும் மறுபடி எண்ணிப் பார்த்தாள்.

அதைக் கட்டுரையாக எழுதுமுன் அண்ணியிடம் சொல்லிவிட வேண்டும் என்று போனாள். அண்ணி அண்ணனின் சட்டைகளை யாருக்கோ கொடுக்க மடித்துக்கொண்டிருந்தாள். அவன் கணக்கில் ஒரு திருத்தம் வரும், அச்சிலும் வரும் என்று சிப்பி சுற்றி வளைத்துச் சொல்லி முடித்தாள்.

"அவருக்குத் தெரியும்மா" என்றாள் அண்ணி.

"என்ன தெரியும்?"

"நீ சொன்னதுதான் சரின்னு. நீ ஊர்ல இல்லாதப்ப, நீ பொறுக்கி வச்சதையெல்லாம் எடுத்துப் பாத்திருக்காரு. அவகிட்ட சொல்லிடுங்கன்னேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுன்னாரு. நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளிக்கிட்டே போனாரு."

"நீங்களாவது சொல்லியிருக்கலாமே, அண்ணி."

"அவர் வாயால சொல்லட்டும்னு இருந்துட்டேன். தப்புதான்."

சிப்பிக்குக் கோபம் வரவில்லை. அவன் முதலில் வரட்டும் என்று அவளும்தானே உட்கார்ந்திருந்தாள். ஒரு சட்டையை எடுத்து மடிக்கத் தொடங்கியவளுக்குக் கை ஓடவில்லை. அண்ணி அதை வாங்கி வைத்துவிட்டு அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

கட்டுரையில் அண்ணன் பேரை முதலில் போட்டாள். தவறு அவருடையதாயிற்றே என்று துறைத்தலைவர் தயங்கினார். அந்த ஒன்பதைச் சேர்த்தால் மீதி எண்ணிக்கை முழுக்க ஒன்றுகூடப் பிசகாமல் பொருந்துகிறது, எண்ணினது அவன்தான் என்று சொல்லி அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

அடுத்த தூண் வந்தபோது எண்ணுவதற்கு ஆள் இல்லாமல் அவளிடமே கொடுத்தார்கள். பதினேழாவது ஜோடியில் ஒரு மங்கல் பட்டை. சேர்ப்பதா, விடுவதா என்று தெரியவில்லை. அண்ணன் என்றால் ஒரே பார்வையில் சொல்லிவிடுவான். பென்சிலை வைத்துவிட்டு தூண்களை வைத்திருக்கும் அந்தக் குளிர் அறையிலேயே வெகுநேரம் நின்றாள்.