நாற்பத்திரண்டு இஞ்ச்

மான்மவுத் ஜங்ஷன் தமிழர்களில் டெஸ்லா வைத்திருப்பவர்களை எண்ணி மாளாது. டிராக்டர் வைத்திருப்பவன் நெடுஞ்செழியன் ஒருவன்தான். வீட்டை இவனுக்கு விற்றுவிட்டு ஃப்ளோரிடாவுக்குப் போன கிழவர், கொட்டகையில் நின்ற தோட்ட டிராக்டரையும் வீட்டோடு சேர்த்து விட்டுப் போனார். புல் வெட்டும் வண்டிதான். சிவப்பு நிறம். முன்னால் நின்று பார்த்தால் நன்றாகச் சாப்பிட்ட பெருச்சாளி மாதிரி இருக்கும். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, பக்கத்தில் கைகட்டி நின்று எடுத்த படத்தைக் குடும்ப குரூப்பில் போட்டான். கோபியிலிருந்து மாமனார் வெங்கடாசலம் ஒரே ஒரு வரி எழுதினார்:

"வண்டி லட்சணமா இருக்குதுங்க மாப்ள. பெருசானதும் இன்னொரு போட்டோ அனுப்புங்க."

மாமனார் வீட்டில் நிஜ டிராக்டர் இரண்டு நிற்கின்றன. நெடுஞ்செழியன் பதிலுக்கு ஒரு கும்பிடு அனுப்பினான்.

ஆனால் இந்தக் குளிர்காலத்தில் அந்தப் பெருச்சாளி தான் ஒரு டிராக்டர்தான் என்று நிரூபித்தாக வேண்டியிருந்தது. காரணம், சண்முகப்ரியா.

ப்ரியா ஆஸ்பத்திரியில் ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட். மூச்சு முட்டுகிறவர்களுக்கு வென்டிலேட்டர் வைத்துப் பார்த்துக்கொள்ளும் வேலை. காலை ஏழு மணிக்கு அவள் போய் நின்றால்தான் ராத்திரி ஷிஃப்ட் பார்த்தவள் வீட்டுக்குப் போக முடியும். பனி பெய்கிறது என்று யாரும் மூச்சு விடுவதை நிறுத்திவைக்க மாட்டார்கள். நெடுஞ்செழியனுக்கு அந்தக் கவலையே இல்லை. அவன் வேலை பார்க்கும் கம்பெனி மடிக்கணினிக்குள் இருக்கிறது. லுங்கிக்கு மேலே சட்டை போட்டால் ஆபீஸ்.

போன ஜனவரியில் பெரிய பனி விழுந்தபோது, பணம் கட்டி வைத்திருந்த பனி தள்ளுகிற ஆள் மத்தியானம் வரை வரவே இல்லை. அவர்கள் வீட்டு டிரைவ்வே தெருவிலிருந்து உள்ளே நீண்டு வளைந்து வரும். மண்வாரியை வைத்துக்கொண்டு அதைத் திறக்க நினைப்பது ஸ்பூனால் கிணறு வெட்டுவது மாதிரி. ப்ரியா ஆஸ்பத்திரி உடைக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு, இடுப்பளவு பனியில் தெரு வரைக்கும் நடந்து, ஆஸ்பத்திரி ஆட்களை ஏற்றிப்போக வந்த போலீஸ் ஜீப்பில் ஏறிப் போனாள். அவள் போவதை நெடுஞ்செழியன் ஜன்னலில் நின்று பார்த்தான். கையில் காபி இருந்தது. அந்தக் காபியை அவன் இன்னும் குடித்து முடிக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அதனால்தான் டிராக்டருக்கு முன்னால் மாட்டுகிற, பனியை வாரி வீசுகிற ஸ்னோபுளோயர். தீபாவளி முடிந்ததும் தேட ஆரம்பித்தான். கார்த்திகை தீபம் வந்தும் முடியவில்லை. சாப்பிடும்போது வீடியோ, பல் விளக்கும்போது ரிவ்யூ.

"ஏனுங்க, என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப நாலு பஜ்ஜியத் தின்னுபோட்டு சரின்னுட்டீங்க. இந்த இரும்புக்கு மட்டும் இத்தன விசாரணையா?" என்றாள் ப்ரியா.

"அது பஜ்ஜியோட தரம் ப்ரியா. அதுக்கு மேல விசாரிக்க என்ன இருக்கு?"

ரூட் 130-இல் இருந்த டீலர் அவன் வண்டிக்குப் பொருந்துகிறவை இரண்டு என்றார். ஒன்று ஐம்பது இஞ்ச் அகலம். சுருள் கத்தி பனியை வாரி அப்படியே குழாய் வழியாக எறிந்துவிடும். இன்னொன்று நாற்பத்திரண்டு இஞ்ச்தான். ஆனால் சுருள் கத்திக்குப் பின்னால் ஒரு விசிறி உண்டு. கத்தி கடித்துக் கொடுப்பதை அது வாங்கி, வேகம் ஏற்றி வீசும்; ஈரப் பனியிலும் அடைத்துக்கொள்ளாது. விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஐம்பது, பளபளவென்று ஊர்வலத்துக்குப் புறப்பட்ட யானை முகபடாம் மாதிரி இருந்தது. நாற்பத்திரண்டு, ரேஷன் கடைத் தராசு மாதிரி இருந்தது.

நெடுஞ்செழியனின் மனசு ஐம்பதில் விழுந்தது. அதற்குக் காரணம் பனி இல்லை, சேனாபதி. இரண்டு தெரு தள்ளியிருக்கும் சேனாபதி, திருநெல்வேலிக்காரன், போன வருஷம் தள்ளிக்கொண்டு போகிற ஸ்னோபுளோயர் ஒன்றை வாங்கி, ஸ்டார்ட் பண்ணுவதை மட்டுமே ஊர்த் தமிழர்கள் குரூப்பில் ஆறு வீடியோவாகப் போட்டவன். இந்த வருஷம் டிராக்டர் வைத்திருப்பவனை விடுவானா?

"என்னவே நெடு, அம்பதா நாப்பத்திரெண்டா? ஆம்பளையா ஒரு முடிவச் சொல்லும்!"

ஞாயிற்றுக்கிழமை ப்ரியா மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். கோயம்புத்தூரிலிருந்து, துணிமணிகளையெல்லாம் எடுத்து வெளியே போட்டுவிட்டு, பெட்டியில் அடைத்துக்கொண்டு வந்த கல் கிரைண்டர். அதை அவளைத் தவிர யாரும் தொடக் கூடாது. அதன் கடகடவுக்கு மேலே குரலை உயர்த்தி நெடுஞ்செழியன் இரண்டின் குணங்களையும் விளக்கினான். இஞ்ச், குதிரைசக்தி, எறியும் தூரம் எல்லாம் சொன்னான். ப்ரியா மாவை வழித்துவிட்டுக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நாம டிரைவ்வே முழுக்க எடுத்த பின்னால டவுன்ஷிப் லாரி தெருவுல பனியத் தள்ளீட்டுப் போறப்ப, நம்ம வாசல்ல ஒரு செவுரு வெச்சுட்டுப் போவானல்லங்க, ஈரமா, கல்லாட்ட. அத எது உடைக்கும்?"

நெடுஞ்செழியன் மனசுக்குள் இரண்டையும் அந்தச் சுவரில் மோதிப் பார்த்தான்.

"நாப்பத்திரெண்டு," என்றான்.

"அப்பறம் என்னங்க?" என்று கிரைண்டரை நிறுத்தினாள். விசாரணை முடிந்தது.

நாற்பத்திரண்டை ஆர்டர் பண்ணினான். குரூப்பில் சேனாபதி ஒரு சின்னக் கத்தரிக்கோல் படம் போட்டான். அதற்கு இருபது பேர் சிரித்தார்கள். நெடுஞ்செழியன் தாங்கிக்கொண்டான். ஆனால் மனுஷனுக்கு எங்கேயாவது ஒரு இடத்தில் தன் புத்திசாலித்தனத்தைக் காட்டியே ஆக வேண்டுமே. டீலர், "முன்னால இவ்வளவு கனம் மாட்டினா பின்சக்கரம் பிடிக்காது, சக்கரத்துல சுத்தச் சங்கிலியும் வேணும், பின்னால மாட்ட இரும்பு எடையும் வேணும்," என்றபோது, சங்கிலியை மட்டும் வாங்கிக்கொண்டு எடை வேண்டாம் என்றான். ஒரு தமிழ் வீட்டில் கனத்துக்கா பஞ்சம்? புயல் வருகிறது என்று செய்தி வந்ததும் இந்தியன் கடைக்குப் போய், எல்லாரும் ஒரு மூட்டை பொன்னி அரிசி எடுக்கும் இடத்தில் இவன் ஐந்து எடுத்தான். கொண்டுவந்து டிராக்டரின் பின்பக்கத் தட்டில் அடுக்கி, பழைய வேட்டி ஒன்றால் இறுக்கிக் கட்டினான்.

"அரிசிய வெளியூருக்கு அனுப்பறாப்ல இருக்குது," என்றாள் ப்ரியா.

"ஃபிசிக்ஸ் ப்ரியா, ஃபிசிக்ஸ்."

பனி ராத்திரியெல்லாம் கொட்டியது. விடிவதற்கு முன்னாலேயே நெடுஞ்செழியன் இரண்டு ஸ்வெட்டர், குரங்குக் குல்லா சகிதம் டிராக்டரில் ஏறி உட்கார்ந்தான். குங்குமப் பொட்டு இன்னும் அழியவில்லை. சாவியைத் திருப்பினான். நாற்பத்திரண்டு இஞ்ச் வாய் பனிக்குள் நுழைந்தது. அடுத்த கணம், முகப்பு விளக்கின் வெளிச்சத்தில், பஞ்சு மில்லின் கூரை பறந்துபோன மாதிரி வெள்ளையாக ஒரு வில் எழும்பி மேப்பிள் மரத்தைத் தாண்டிப் போய் விழுந்தது. நெடுஞ்செழியன், மென்பொருள் கட்டட நிபுணன், அந்த இருட்டில் தன்னந்தனியாக, "ஹோய்!" என்று கத்தினான். என்ன பண்ணுகிறோம் என்று உணர்ந்து சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டான். பிறகு இன்னொரு தடவை கத்தினான்.

போய் வந்து, போய் வந்து, தெரு வரைக்கும் திறந்துவிட்டான். ப்ரியா கோட்டு மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். சரியாக அந்த நேரத்தில்தான் டவுன்ஷிப் லாரி மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு தெருவில் வந்தது. எதிர்பார்த்த மாதிரியே வாசலை அடைத்து ஒரு மதிலைக் கட்டிவிட்டுப் போனது. சாம்பல் நிறம். தண்ணீரும் பனிக்கட்டியும் மண்ணும் கலந்த கான்கிரீட்.

"வந்துட்டான் பாருங்க உங்க வில்லன்," என்றாள் ப்ரியா.

நெடுஞ்செழியன் டிராக்டரை மதிலுக்கு நேராகத் திருப்பினான். கத்தி கடித்தது. விசிறி உறுமியது. ஆனால் வண்டி முன்னால் போகவில்லை. பின்சக்கரங்கள் இருந்த இடத்திலேயே சுற்றின. பின்னால் எடுத்து மறுபடி மோதினான். மறுபடி சுற்றின. இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தான். வேட்டி தொளதொளவென்று தொங்கிக்கொண்டிருந்தது. கீழே இருந்த மூட்டை சரிந்து சக்கரச் சங்கிலியில் உரசி உரசி, வயிறு கிழிந்து, காலிப் பையாகப் படுத்திருந்தது. அடுத்ததிலும் பாதிதான் மிச்சம். கீழே தரையில் ஒரு மணி அரிசியைக்கூடக் காணோம்.

ப்ரியா வந்து எட்டிப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். ஜன்னலில் காபியோடு நின்ற முகம்தான் அது.

"நீங்க கட்டுறதுக்குக் கயிறு எடுத்து வைங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

திரும்பி வந்தபோது கிரைண்டர் டிரம்மையும் உருளைக் கல்லையும் பழைய போர்வையில் வைத்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தாள். வென்டிலேட்டரைத் தள்ளிப் பழகிய கை.

"ப்ரியா, உன் கிரைண்டர்..."

"மாவு மிக்ஸில ஆட்டிக்கிலாம். ஒரு நாள் இட்டிலி கல்லாட்டம் இருந்தா நீங்க செத்தா போயிருவீங்க? தூக்குங்க!"

இருவருமாகத் தூக்கி வைத்துக் கயிறு போட்டுக் கட்டினார்கள். நெடுஞ்செழியன் ஏறினான். இந்தத் தடவை சக்கரம் பிடித்தது. நாற்பத்திரண்டு இஞ்ச் மதிலுக்குள் முகத்தைப் புதைத்து, கொரகொரவென்று மென்று, விசிறிக்குக் கொடுக்க, விசிறி அந்தக் கான்கிரீட்டைத் துண்டு துண்டாகத் தெருவோரத்துக்கு வீசியது. மெதுவாகத்தான். ஆனால் ஒரு முறைகூட அடைத்துக்கொள்ளவில்லை. கடைசிக் கட்டியும் பறந்தபோது அந்தப் பக்கம் தெரு தெரிந்தது, கறுப்பாக, ஈரமாக.

ப்ரியாவின் கார் அவனைத் தாண்டி மெதுவாகப் போனது. கண்ணாடியை இறக்கி, எட்டி, டிராக்டரின் குங்குமப் பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவனைத் தொடவில்லை. மரியாதை யாருக்குப் போக வேண்டுமோ அங்கே போனது.

மத்தியானம் வெயில் வந்தது. மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டு ஜன்னலுக்கு வந்த நெடுஞ்செழியன் அசந்து போனான். கராஜ் வாசலில் தொடங்கி, டிரைவ்வேயின் வளைவோடு வளைந்து, தெரு வரைக்கும் குருவிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. நடுவே சிவப்புக் கார்டினல் பறவை ஒன்று பந்தி விசாரிக்கிறவர் மாதிரி நடந்துகொண்டிருந்தது. காலையில் வெள்ளையில் வெள்ளையாகக் கலந்து கண்ணுக்குத் தப்பிய பொன்னி அரிசி இவற்றின் கண்ணுக்குத் தப்பவில்லை. படம் எடுத்து ப்ரியாவுக்கு அனுப்பினான். சாப்பாட்டு இடைவேளையில் அவளே கூப்பிட்டாள். பேச முடியாமல் சிரித்தாள்.

"ஊரெல்லாம் ரோட்டுல உப்புப் போடுவாங்க. நீங்க பொன்னி அரிசி போட்டிருக்கீங்க."

"உப்பு வழுக்காம இருக்கத்தான். அரிசி, விருந்தாளி வர்றதுக்கு," என்றான். பிறகு, கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே, "நேரத்துக்குப் போயிட்டியா?" என்று கேட்டான்.

"நான்தானுங்க முதல் ஆளு. பாதிப் பேரு இன்னும் வந்தே சேரல. ராத்திரி ஷிஃப்ட் பாத்த புள்ள என்னையக் கண்டதும் கட்டிப் புடிச்சுக்கிச்சு. எப்படி வந்தே, எப்படி வந்தேன்னு அத்தன பேரும் கேக்கறாங்க."

"நீ என்ன சொன்னே?"

"என்ன சொல்றது? எங்கூட்டுக்காரரு டிராக்டர் ஓட்டி வழி வெட்டி உட்டாருன்னேன்."

ஃபோன் நடுவில் துடித்தது. திரையில் சேனாபதியின் பெயர். கூடவே ஒரு செய்தி: 'நெடு, என் மிஷின் வாசச் செவத்துல அடைச்சிக்கிட்டுவே. அந்த நாப்பத்திரெண்டக் கொஞ்சம் கொண்டாரும்.' இந்த நாளுக்காகத்தான் நெடுஞ்செழியன் ஒரு மாதமாகக் கத்தரிக்கோலைப் பொறுத்துக்கொண்டிருந்தான். போவான். கிரைண்டரைப் பின்னால் கட்டிக்கொண்டு, நடுத்தெருவில், குல்லாவோடு கட்டாயம் போவான்.

ஆனால் சேனாபதி கொஞ்சம் காத்திருக்கட்டும்.

"சரியாக் கேக்கல ப்ரியா," என்றான் நெடுஞ்செழியன், ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு. "இன்னொருக்கா சொல்லு."