நாக்கு செத்த வீடு

பல்லடத்தில் இனிப்பின் மேல் வரும் ஆசை ஆளாகத்தான் வரும். மாலை நான்கு மணி வாக்கில், செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு வரும். தலைக்கு ஒரு ஆசாமி. தையல் கடை ரத்தினாவுக்கு வருகிறவள் கொலுசு போட்ட சின்னப் பெண். ஜிலேபி கண்ணில் படாவிட்டால் உதட்டைப் பிதுக்கிவிடுவாள். கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கும் சென்னியப்பனுக்கு வருகிறவர் ரிட்டயர்டு வாத்தியார் மாதிரி இருப்பார். அவர் முன்னால் தேங்காய் பன்னைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோக சென்னியப்பனுக்கு இன்றுவரை தைரியம் வந்ததில்லை.

கலாமணியின் வீட்டுக்கு வருகிறவர் அறுபது வயது மதிக்கத்தக்க பெரியவர். வெள்ளை வேட்டி, சந்தன நிறச் சட்டை, தோளில் துண்டு. பெண் பார்க்க வந்தவர் மாதிரி நாற்காலியின் நுனியில்தான் உட்காருவார். அவர் எதையும் வாயில் வைப்பதில்லை. சாப்பிட வேண்டியது கலாமணி, பார்த்துக்கொண்டிருப்பது அவர்.

"ஒண்ணே ஒண்ணுங்க அம்மிணி," என்பார்.

அந்த ஒன்று, பெட்டி காலியாகிற வரைக்கும் ஒன்றாகவே இருக்கும். அப்புறம் அவர் நிம்மதியாக எழுந்து, "போயிட்டு வர்றனுங்க," என்பார். கலாமணியும் நெய் பிசுபிசுக்கும் கையை முந்தானையில் மறைத்துக்கொண்டு, "போயிட்டு வாங்க," என்று வாசல்வரை போய் வழியனுப்புவாள்.

கலாமணியின் கணவர் பழனிச்சாமி தறிப் பட்டறையில் மேஸ்திரி. அவர் வீடு திரும்புவதற்குள் காலிப் பெட்டி செய்தித்தாளில் சுருட்டப்பட்டுக் குப்பைக் கூடையின் அடியில் போய்விடும். கலாமணி வாயைக் கொப்பளித்துவிட்டு விளக்கேற்றியிருப்பாள். ராத்திரி இரண்டு இட்லியைப் பிய்த்துப் போட்டுவிட்டு, வயிறு ஒரு மாதிரி இருக்கிறது என்பாள். பழனிச்சாமி ஒன்றும் கேட்க மாட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாததால் கேட்கவில்லையா, எல்லாம் தெரிந்ததால் கேட்கவில்லையா என்பதை அவர் முகத்தில் கண்டுபிடிக்க முடியாது. அந்த முகம் அப்படி.

கொஞ்ச நாளாக நடக்கும்போது இடது கால் செருப்பு கழன்று விழுந்தால் கலாமணிக்குத் தெரிவதில்லை. பத்தடி போன பிறகு யாராவது கூப்பிட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, "காலைப் பத்திரமா பாத்துக்குங்க," என்று மட்டும் சொன்னார். காலை நினைத்துக் கலாமணிக்குப் பயம்தான். ஆனால் அவளை அரித்துத் தின்றது வேறு. கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து, புருஷனோடு உட்கார்ந்து ஒரு லட்டை நிம்மதியாகத் தின்றதில்லை. கல்யாண வீடுகளில் பந்தியில் ஜாங்கிரியை ஒதுக்கி வைத்துவிட்டு வருவாள். எல்லாரும் இவளைப் போல வாய்க்கட்டுப்பாடு உண்டா என்பார்கள். அதைக் கேட்கிறபோது அவளுக்கு வெட்கத்தில் காது எரியும்.

அவள் சும்மாவும் இருக்கவில்லை. ஒருநாள் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தாள். பெரியவர் வாசலில் வெயிலில் நின்றார். பெரிய மனுசனை இப்படியா நிற்க வைப்பது என்று தெருவே அவளைத் திட்டித் தீர்த்தது. இன்னொரு நாள் வீட்டில் பொட்டு இனிப்பு இல்லாமல் பார்த்துக்கொண்டாள். அவர் சங்கடத்தோடு அடுப்படிப் பக்கம் கண்ணைக் காட்டி, "சக்கரை டப்பா இருக்குதுங்களே," என்றார். அன்றைக்குக் கரண்டியால் அள்ளித் தின்றாள்.

வயிற்றைக் காயப்போட்டால் சரியாகிவிடும் என்று காலையும் மதியமும் பட்டினி கிடந்து பார்த்ததுதான் மகா தப்பு. அன்றைக்கு அவர் தனியாக வரவில்லை. தம்பி, தம்பி சம்சாரம், பங்காளிகள், கைக்குழந்தை என்று வேன் பிடித்து வந்து இறங்கினார். அத்தனை பேர் முன்னாலும் கலாமணி தின்றாள். லட்டு, பிஸ்கட், நேற்றைய சோறு, ஊறுகாய், பூஜைக்கு வைத்திருந்த கல்கண்டு. கண்ணில் நீர் வழிய வழியத் தின்றாள். குடும்பம் மொத்தமும் கும்பிட்டுவிட்டுப் போனது. அதற்கப்புறம் காலைச் சாப்பாட்டை மட்டும் அவள் தவறவிடுவதில்லை.

ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கேட்டேவிட்டாள்.

"நான் கேக்கறன்னு தப்பா நெனைக்காதீங்க. எதுக்குங்க தெனமும் வர்றீங்க?"

பெரியவர் ஆடிப்போய்விட்டார். "நீங்கதானுங்க அம்மிணி வரச் சொன்னீங்க."

"நானெப்பங்க சொன்னேன்?"

"தெனமும் சொல்றீங்களே. நான் கெளம்பறப்ப, போயிட்டு வாங்கன்னு வாசல் வரைக்கும் வந்து சொல்றீங்க. வரச் சொன்ன ஊட்டுக்கு வராம இருந்தா மரியாதைங்களா?" முழங்காலைத் தடவிக்கொண்டார். "எனக்கும் முன்ன மாதிரி நடக்க முடியறதில்லீங்க."

"அப்ப நான் என்னங்க சொல்லோணும்?"

"போன்னு சொன்னா போயிருவனுங்க. நானும் போறன்னு சொல்லிக்கலாம். ஆனா அப்படி யாருமே சொல்றதில்லீங்களே."

சொல்லத்தான் முடியவில்லை. அந்த ஊரில் வாசற்படியில் நின்றுகொண்டு 'போ' என்று சொல்கிற வாய் கிடையாது. கேஸ் சிலிண்டர் போடுகிறவரையும் போயிட்டு வாங்க என்பார்கள். ரத்தினா வீட்டில் ஒருமுறை திருடன் ஓடு பிரித்து இறங்கியபோது, பிடித்துக் கட்டிவைத்து அடித்துப் போலீசில் ஒப்படைத்துவிட்டு, ஜீப் கிளம்பும்போது பழக்கதோஷத்தில் போயிட்டு வா கண்ணு என்று சொல்லிவிட்டார்கள். விடுதலையானதும் அவன் வந்தான். காபி கொடுத்தார்கள்.

கலாமணி கண்ணாடி முன்னால் நின்று பழகிப் பார்த்தாள். 'போ' வரைக்கும் சரியாக வந்தது. பின்னாலேயே 'யிட்டு வாங்க' தானாக ஓடிவந்து ஒட்டிக்கொண்டது.

"எழவு ஊட்டுல மட்டுந்தானுங்க சொல்லிக்காம போறது," என்றார் பெரியவர், அடுத்த நாள் அவள் மைசூர்பாகு தின்னும்போது. யோசனை சொல்லும் குரலில்லை அது, வருத்தம்தான் இருந்தது.

"வெளக்கு வெக்கற நேரத்துல என்ன பேச்சுங்க அது," என்று கலாமணி கடிந்துகொண்டாள்.

ஐப்பசி மழையில் கலாமணிக்குக் காய்ச்சல் வந்தது. படுக்கையோடு படுக்கையாகக் கிடந்தாள். பெரியவர் வந்து கதவோரம் எட்டிப் பார்த்துவிட்டு, நோயாளியைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று சத்தமில்லாமல் வெளியே உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். காய்ச்சல் விட்ட அன்று காலையில் பழனிச்சாமி ரசஞ்சோறு கரைத்து ஊட்டினார். உமியை மெல்லுவது போல இருந்தது. சர்க்கரையைத் தொட்டு வைத்தார். மணலைப் போல இருந்தது.

"மாமா," என்றாள் கலாமணி. "என்ற நாக்கு செத்துப்போச்சுங்க."

பழனிச்சாமி கிண்ணத்தைக் கீழே வைத்தார். அப்புறம் எழுந்து போய் வாசலில் சாமியானா போடச் சொன்னார். பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்து இறங்கின. தறிப் பட்டறையில் அன்றைக்கு ஓட்டத்தை நிறுத்திவிட்டார்கள்.

துக்கம் விசாரிக்க ஊர் திரண்டது. ஆண்கள் பழனிச்சாமியின் கையைத் தொட்டுவிட்டு நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள்.

"எப்படீங்க ஆச்சு?"

"காச்சல்தானுங்க."

"வயசு?"

"நாப்பத்தாறுங்க."

"அடப் பாவமே. சாகற வயசுங்களா."

"நல்லாப் பேசும்," என்றார் ஒருவர்.

"நல்லாச் சாப்புடும்," என்றார் சென்னியப்பன். யாரும் மறுக்கவில்லை.

உள்ளே பெண்கள் கலாமணியைச் சுற்றி உட்கார்ந்து, தோளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். ரத்தினாதான் ஆரம்பித்தாள். அரைக் கிலோ மைசூர்பாகை அரை நாழியில் முடிச்ச நாக்கே என்று அவள் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் தொடர்ந்தார்கள். கதவு சாத்திக் கடித்த ஜாங்கிரியைச் சொன்னார்கள். கரண்டியால் அள்ளிய சர்க்கரையைச் சொன்னார்கள். சாமிக்கு வைத்த கல்கண்டைக்கூட விடவில்லை. கலாமணி முதலில் திடுக்கிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஊருக்கே தெரிந்திருக்கிறது. இத்தனை காலம் ஒளித்து ஒளித்துத் தின்றதெல்லாம் ஒவ்வொரு வீட்டுக்கும் அத்துப்படியாக இருந்திருக்கிறது. ஆனால் ஒருத்தி குரலிலும் ஏளனம் இல்லை. எல்லாரும் மூக்கைச் சிந்தி நிஜமாகவே அழுதார்கள். அவளும் முந்தானையை எடுத்துவிட்டு வாய்விட்டு அழுதாள். அப்படி அழுது வெகுநாளாகியிருந்தது.

வெளியே பழனிச்சாமி பக்கத்தில் இருந்தவரிடம் சொல்வது கேட்டது. "கூடையிலிருந்து பெட்டிய நாந்தானுங்க தெனமும் கொண்டுபோயி போடுவேன். சொன்னா சங்கடப்படும்னு சொல்லுல."

நான்கு மணிக்குப் பெரியவர் வந்தார். சாமியானாவைப் பார்த்ததும் தெருவிலேயே நின்றுவிட்டார். தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, குனிந்த தலையோடு வந்து பழனிச்சாமியின் கையைத் தொட்டார். யாருடைய ஆளென்று பழனிச்சாமிக்குத் தெரியும். நாற்காலியை இழுத்துப் போட்டார். பெரியவர் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவர் ஒண்ணே ஒண்ணு என்று சொல்லவில்லை. எழவு வீட்டில் யார் இனிப்புக் கேட்பார்கள்?

எழுந்தார். கதவோரம் வந்து கலாமணியைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. பழக்கத்தில் வாயைத் திறந்தவர், இடம் நினைவுக்கு வர, மூடிக்கொண்டார். கலாமணிக்கும் 'போயிட்டு வாங்க' வாய்வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். அவர் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கினார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவர் தெருமுனையில் திரும்புகிறவரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு அவர் வரவில்லை. எழவு வீட்டு முறைப்படி சொல்லிக்கொள்ளாமல் போனவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. நான்கு மணியானால் கலாமணிக்கு வீடு வெறிச்சென்று இருந்தது. இந்த வீட்டில் அவளோடு அதிக நேரம் உட்கார்ந்திருந்தவர் அவர்தான். அதை நினைத்து இரண்டு மூன்று தடவை அழவும் செய்தாள். அழுதுவிட்டு ரத்தினாவின் கடைக்குப் போய் பட்டன் தைத்துக் கொடுத்தாள்.

நாக்குக்கு மெல்ல உயிர் வந்தது. முதலில் உப்பு தெரிந்தது, அப்புறம் புளி, அப்புறம் கொள்ளுப் பருப்பின் மண்வாசம். துக்கம் விசாரித்துவிட்டுப் போனவர்களிடம் அதைச் சொல்வது நாகரிகமில்லை என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசாமல் இருந்துவிட்டார்கள்.

ஒருநாள் சாயங்காலம் பழனிச்சாமி லட்டுப் பெட்டி ஒன்றோடு வந்தார். வீதியில் எல்லாரும் பார்க்க, கையில் பிடித்துக்கொண்டே வந்தார். பெட்டியைத் திறந்து இரண்டு பேருக்கும் நடுவில் தரையில் வைத்தார்.

"எடு கலா."

அவள் எடுத்தாள். அவர் பார்க்கக் கடித்தாள். ஏலக்காய் தெரிந்தது, முந்திரி தெரிந்தது. வாயில் இருக்கும்போது இனிப்பு இப்படி இருக்கும் என்பதையே அவள் மறந்திருந்தாள். அழுகை வரும்போல இருந்தது. அதற்குள் கை இரண்டாவது லட்டை எடுத்து வாய்க்குள் போட்டிருந்தது. விழுங்குவதற்குள் விரல்கள் மூன்றாவதின் மேல் இருந்தன. விருந்தாளி போய்விட்டார், கை போகவில்லை. கலாமணி பயந்துபோய்ப் பழனிச்சாமியைப் பார்த்தாள். அவர் கையைத் தட்டிவிடவில்லை, பெட்டியை நகர்த்தவும் இல்லை.

அப்போது அடுப்படியிலிருந்து ஏதோ சத்தம் கேட்டது. யாரோ பேசுவது போல இருந்தது, ஆனால் கடைவாயில் முந்திரி நொறுங்குகிற சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை. கலாமணி மெல்லுவதை நிறுத்தினாள். இப்போது கேட்டது.

"ஏனுங்க, உள்ள வரலாங்களா?"

துவரம்பருப்பு டப்பாவுக்கும் மிளகாய்த்தூள் டப்பாவுக்கும் நடுவில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். ஒரு முழ உயரம்தான் இருந்தாள். நூல் சேலையை இழுத்துச் செருகியிருந்தாள்.

"யாருங்க நீங்க?" என்றாள் கலாமணி.

"போதும்பொண்ணுங்க. எங்கூட்ல அஞ்சாவதும் பொண்ணாப் பொறந்துட்டனுங்க, அதனால வெச்ச பேரு. ரொம்ப நாளா இங்கதான் நிக்கறேன். கூப்புட்டுக் கூப்புட்டுப் பாத்தேன், உங்களுக்குக் காது கேக்குல."

கலாமணியின் விரல்கள் லட்டை விட்டு எழுந்தன. அவள் எழுந்து போய், இரண்டு டப்பாக்களையும் தள்ளி வைத்து, நடுவில் ஒரு மணையைப் போட்டாள். போதும்பொண்ணு உட்கார்ந்து, நின்று நின்று வீங்கியிருந்த காலை நீட்டிக்கொண்டாள். பழனிச்சாமி பெட்டியை மூடினார். அடுப்படி புழுக்கமாக இருக்கும் என்று மேசை விசிறியைக் கொண்டுபோய் அவள் பக்கம் திருப்பி வைத்து, காற்று அவளை அடித்துக்கொண்டு போய்விடாதபடி ஒன்றாம் நம்பரில் போட்டார்.